கடைசியாக வரும் மஹபூப் பாஷா

ஆம்பூரில் மஹபூப் பாஷாவைவிட வேகமாக சைக்கிள் மிதிக்கிறவன் கிடையாது என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. அப்போது அவனுக்குக் கல்யாணமாகவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் காய்ந்த தோல்களைத் தரம் பிரித்து அடுக்குகிற வேலை. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. தொழுகை முடிந்து, சாப்பிட்ட கை உலர்வதற்குள் கூட்டாளிகளோடு வாணியம்பாடி சாலையில் கிளம்பிவிடுவான். அங்கே கடைத்தெருவில் டீ குடிப்பது, அரட்டை அடிப்பது, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. அவ்வளவுதான் திட்டம். ஆனால் டீக்கடை வாசலில் யார் முதலில் காலை ஊன்றுவது என்பதில்தான் உயிரே இருந்தது. எப்போதும் பாஷாதான் ஊன்றுவான்.

கூட்டத்தில் அவனுக்கு நெருங்கிய தோஸ்த் ஆரோக்கியசாமி. அதே ஷாப்பில் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிற ஆள், கனத்த உடம்பு. எவ்வளவு மூச்சு வாங்க மிதித்தாலும் பின்தங்கிவிடுவான். ஷாப் முதலாளியின் தம்பி மகன் முனீர் அகமதுவும் வருவான். புது சைக்கிள், புதுத் தொப்பி, எந்நேரமும் மணியின் மேல் கட்டைவிரல். இன்னும் நாலைந்து பேர். சாலையின் முழு அகலத்துக்கும் பரவிக்கொண்டு போவார்கள். எதிரே நடந்து வருகிறவர்கள்தான் ஒதுங்கவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை விண்ணமங்கலம் தாண்டியதும் பாஷா தலையைக் குனிந்துகொண்டு ஒரே அழுத்தாக அழுத்தினான். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி எதிரே வந்த மாட்டுவண்டியை உரசுகிற மாதிரி கடந்து பறந்துவிட்டான். பின்னால் எல்லா மணிகளும் ஒன்றாக அலறியது காதில் விழுந்தது. பசங்கள் குஷியாக இருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டான்.

டீக்கடையில் காலை ஊன்றினான். எல்லாருக்கும் டீ சொன்னான். யாரும் வரவில்லை. இவ்வளவு தூரமா முந்திவிட்டோம் என்று முதலில் பெருமையாக இருந்தது. டீயில் ஆடை படிந்தது. கடைக்காரர் இவனையும் தம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமை மெல்லக் கரைந்தது. சைக்கிளைத் திருப்பினான்.

பட்டை வண்டி சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. மணிச்சத்தத்தில் மாடுகள் மிரண்டு இழுத்துவிட்டிருந்தன. வண்டிக்கு வழிவிட சைக்கிளை ஒடித்த ஆரோக்கியசாமி கீழே விழுந்து முட்டி கிழிந்து உட்கார்ந்திருந்தான். முனீர் அகமது புதுத் தொப்பியோடு பட்டைக் கட்டைத் தலையில் சுமந்து மேலேற்றிக்கொண்டிருந்தான். இடுப்பில் கைவைத்து அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள் வண்டிக்காரி பூங்காவனம்.

“நீ யாருய்யா?” என்றாள் பாஷாவிடம்.

“நான் இவங்க கூட வந்தவன் அக்கா. முன்னால போய்ட்டேன்.”

“முன்னால போனா? பின்னால வர்றவன் இருக்கானா செத்தானான்னு திரும்பிப் பாக்கமாட்டியா? உனுக்குக் கழுத்து இல்லியா?”

பாஷா சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். ஒரு பட்டைக் கட்டைத் தூக்கினான். வண்டியை நிமிர்த்திக் கட்டியதும், முட்டி வீங்கிய ஆரோக்கியசாமியைப் பட்டை மேல் ஏற்றிவிட்டு, பாஷா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆம்பூர் வரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்தான். வழியெல்லாம் பூங்காவனம் திட்டினாள். “மணி அடிக்காதன்னு சொல்லல. ஒருத்தன் அடி. தூரத்துலயே அடி. எல்லாரும் கிட்ட வந்து அடிச்சா மாடு இன்னா பண்ணும்?”

அடுத்த வெள்ளிக்கிழமை பாஷா எல்லாரையும் போகவிட்டுக் கடைசியில் நின்றான்.

“இன்னா பாஷா பாய், சைக்கிள் பேஜாரா?” என்றான் முனீர்.

“சைக்கிள் நல்லாத்தான் கீது. இனிமே நான் கடைசி. எனக்குப் பின்னால யாரும் கிடையாது. ரெண்டு ரெண்டு பேரா போங்க. வண்டியப் பாத்தா ஒத்தையா போங்க. மணி முன்னால போறவன் மட்டும். பள்ளம், மணல் வந்தா கையத் தூக்கு.”

சிரித்தார்கள். முதல் சில வாரங்கள் யாரும் கேட்கவும் இல்லை. பாஷாவுக்கோ கால் நமநமவென்றது. முன்னால் ஒருவன் எகிறிப் போவதைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொள்வான். பிறகு பின்னாலிருந்து பார்ப்பதில் ஒரு ருசி தட்டியது. யாருடைய சக்கரம் ஆடுகிறது, யாருக்கு இடுப்பு வலிக்கிறது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

ஒருநாள் ஆரோக்கியசாமியின் டயர் பஞ்சரானது. முன்னால் போனவர்கள் கவனிக்கவில்லை. இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.

“நீ போப்பா. எனக்காக எதுக்கு வெயில்ல வேகறே?”

“போயி? அந்த டீக்கடைக்காரர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒண்டியா குந்திக்கினு இருக்கணுமா? ஒருவாட்டி பாத்ததே போதும்.”

ஆரோக்கியசாமி வயிறு குலுங்கச் சிரித்தான். சற்று நேரத்தில் தூரத்தில் புழுதி கிளம்பியது. மொத்தக் கூட்டமும் திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்னால் முனீர், தொப்பி இல்லாமல், வேர்க்க விறுவிறுக்க.

“திரும்பிப் பாத்தா உன்னக் காணோம் பாய். அப்போ யாருக்கோ இன்னாவோ ஆயிடுச்சுன்னு வந்துட்டோம்.”

பாஷா முனீரின் வேர்த்த முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அன்றிலிருந்து முன்னால் போகிறவன் அடிக்கடி கழுத்தைத் திருப்புவது தானாகவே வழக்கமாகிவிட்டது. வரிசையும் வந்தது, கைதூக்கலும் வந்தது.

பிறகு பாஷாவுக்குக் கல்யாணம் ஆனது. மனைவி முனவ்வர் பேகம், வாணியம்பாடிப் பெண். ஊரிலேயே வேகமான ஆள் என்று சொல்லித்தான் அவளுக்கு அவனைப் பேசியிருந்தார்கள். வந்த இடத்தில் அக்கம்பக்கத்தார், “உங்க வீட்டுக்காரர்தானே எப்பவும் கடைசியா வருவாரு?” என்று கேட்டதும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. புருஷனிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

காரணம் தெரிந்ததும் பாஷா சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தான். மறுநாள் விடியற்காலையில் அவளை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, ஆளரவமற்ற பாலாற்றங்கரைச் சாலைக்குக் கொண்டுபோனான்.

“கெட்டியாப் புடிச்சுக்க.”

தேக்கி வைத்திருந்த வேகத்தையெல்லாம் கால்களுக்குக் கொடுத்தான். புளியமரங்கள் பின்னால் ஓடின. அவளுடைய புர்கா கப்பல் பாய்போல் புடைத்தது. முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவன் சட்டையைக் கசக்கிப் பிடித்தாள். பிறகு முதுகில் குத்தத் தொடங்கினாள்.

“நம்பறேன்! நம்பறேன்! மெதுவா போங்க!”

பாஷாவுக்குச் சிரிப்புப் பொங்கி சைக்கிள் ஆடியது.