ஒரே தளபதி என்கிற அத்தியாயம்

தர்மபுரியிலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் பேருந்தில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் எனக்குத் தெரிந்து கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவர் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். முப்படைகளும் சேர்ந்து போரிடுவது எப்படி என்று அவர் ஒரு புத்தகம் எழுதினார். பிழை திருத்தியது நான். போரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்ததுதான். கண்ணால் பார்த்த சண்டை, பாலக்கோடு பேருந்தில் சன்னலோர இருக்கைக்கு நடப்பது.

புத்தகத்தின் உயிர் ஐந்தாம் அத்தியாயம். ஒரு போர்முனைக்கு ஒரே தளபதி. அவர் எந்தப் படைக்காரராக இருந்தாலும் மற்ற இரண்டும் அவருக்குக் கட்டுப்பட வேண்டும். பணிக்காலம் முழுக்க இதையேதான் யோசித்தாராம். அது அச்சில் வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார்.

அச்சுச் செலவை ஏற்க முன்வந்த முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்தது. பெரும்பாலோர் தரைப்படை, தலைவர் ஓய்வுபெற்ற சுபேதார். கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை பார்ப்பதுபோல் மாதிரிப் படியைப் புரட்டினார்கள். கடற்படைக்குப் பக்கம் கூடுதல் என்று ஒரு முணுமுணுப்பு. பாத்திரக் கடை வைத்திருக்கும் விமானப்படைக்காரர், அட்டையில் கப்பலுக்குக் கீழே விமானம் இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அதில் நியாயம் இருந்தது.

பிறகு ஐந்தாம் அத்தியாயம்.

"எங்காளு கப்பல்காரர் சொல்றதக் கேக்கணும்னு போட்டிருக்குதுங்களே?" என்றார் சுபேதார்.

"கப்பல்காரரும் உங்காளு சொல்றதக் கேக்கணும்னு அடுத்த வரியிலேயே இருக்குதுங்க," என்றார் புத்தகம் எழுதிய நண்பர்.

"அது நல்ல வரிங்க. அத மட்டும் வெச்சிக்கலாம்."

போண்டா ஆறிய பிறகு முடிவு வந்தது: படைக்கு ஒன்றாக மூன்று சிறு புத்தகங்கள், ஒரே மேடையில் வெளியீடு. எல்லோருக்கும் திருப்தி. ஐந்தாம் அத்தியாயம் மட்டும் மூன்றில் எதிலும் பொருந்தவில்லை. கூட்டுப் போரைப் பற்றி அலமாரி நிறையப் படித்தவன் நான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். களைத்துப்போய்த் தலையாட்டினேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"இந்த ஒரே தளபதி விஷயம் டெல்லியிலேயே இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்குதுங்க சார்," என்றார் பின்னாலிருந்து. "நம்மாளுங்க சீக்கிரமாவே முடிச்சிட்டாங்க."

வாசலில் இறங்கியவரிடம், அந்த அத்தியாயத் தாள்களை நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நீங்க எந்தப் படையிலயும் இல்லீங்களே."