தூக்கிப் பார்த்து வாங்கியவர்

மகளுக்குக் கீபோர்டு வாங்கக் கடலூரில் ஒரு கடைக்குப் போயிருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த நீலப் புடவை, கழுத்தில் ஜெபமாலை. கடைக்காரர் எடுத்துவைத்த எந்தக் கீபோர்டையும் அவர் வாசித்துப் பார்க்கவில்லை. இடது கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெயிட் ஜாஸ்திப்பா" என்று திரும்ப வைத்தார்.

"சத்தத்தைக் கேக்காம எடையைப் பாக்குறீங்களே?" என்றேன்.

"மார்ல ஆபரேஷன் ஆச்சுங்க. வலது கையால வெயிட் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. படுத்த படுக்கையா இருக்கவுங்க வீட்டுக்குப் போயி வாசிக்கிறேன். பஸ்ல ஏறி எறங்கணும்ல?"

"யாராச்சும் தூக்கியாந்து குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. அவுங்களுக்கு நேரம் தோதுப்படணும். என்னைக் கூப்புடுறவங்களுக்கு அவ்ளோ நேரம் இருக்காதுங்க."

கடைசியில் விலையும் எடையும் குறைந்த சின்னக் கீபோர்டு ஒன்று அவர் கைக்கு அடங்கியது. அதில் ஒரு தாலாட்டை வாசிக்கத் தொடங்கினார். பாட்டு மேலே ஏறியபோது கட்டைகள் முடிந்துவிட்டன.

"இதுல கட்டை பத்தாதுக்கா" என்றார் கடைக்காரர்.

அவர் நிறுத்தவில்லை. இல்லாத சுரங்களைத் தன் குரலில் பாடினார். பாட்டு இறங்கியதும் விரல்கள் மறுபடி தொடர்ந்தன.

"பத்தாததை நான் பாடிக்கிறேன். இதையே கட்டிக் குடுப்பா."

பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு புவனகிரி பஸ்ஸுக்கு நடந்தார். நான் பெரிய கீபோர்டாகத்தான் வாங்கினேன். மகள் நன்றாகவே வாசிக்கிறாள். ஆனாலும் பாட்டு உச்சிக்கு ஏறும்போதெல்லாம் ஒரு குரல் வருமென்று என் காது காத்திருக்கிறது.