படத்தில் பெரிய வீடு

வாடகைக்கு விடும் வீடுகளைப் படம் எடுப்பதுதான் அவன் வேலை. தரகு அலுவலகத்தில் எல்லாரும் அவனைப் போட்டோக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்; சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. உள்ளே போனதும் முதலில் கொடியில் காயும் துணிகளை உருவுவான். வாளி, துடைப்பம், காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் ஒதுக்குவான். பட்டப்பகலிலும் எல்லா விளக்கையும் போடுவான். பிறகு குளியலறைக்குள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, காமிராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, அகல லென்ஸில் ஒரு அமுக்கு. கால் நீட்டிப் படுக்க முடியாத அறை, படத்தில் பந்து விளையாடலாம் போல விரியும். "இது எங்க வீடா?" என்று வீட்டுக்காரர்களே கேட்டிருக்கிறார்கள்.

இத்தனை வீட்டைப் பெரிதாக்கியவனுக்குத் தலை சாய்க்க ஒரு வீடில்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருஷத்தில் ஆறு இடம் மாறினான். ஒவ்வொரு முறையும் வாடகை துரத்த, அலுவலகத்திலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளிப் போனான். கடைசியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியும் முடியாமல், பிள்ளைத்தாய்ச்சியான மனைவியை அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு, ஐந்து பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலைப் பிடித்தான். இப்போது மகளுக்கு ஒன்றரை வயது. அவள் அப்பா என்று சொல்வது போனைத்தான்.

மாமனார் கறாரான மனுஷன். "வீடுன்னு ஒண்ணப் பாருங்க மாப்பிள்ளை. அடுத்த நாளே ரெண்டு பேரையும் கொண்டுவந்து விடறேன். ஒத்தக் கட்டிலுக்கு என் பேத்திய அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டார். சொன்னதில் என்ன தப்பு? அவனுக்கே மகளை அந்த அறையில் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்படித் தேடி அலைந்தபோதுதான், ஒரு மாடியில் படம் எடுக்கையில் பக்கத்து மாடி அறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்தான். கீழே தனியாக இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஊர் நிலவரம் தெரியாது. பத்து வருஷத்துக்கு முந்தைய வாடகையைச் சொன்னார். அவன் காதும் காதும் வைத்தாற்போல் முன்பணம் கொடுத்தான், அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. தரகர் பட்டியலில் ஏறாத வீட்டில்தான் பழைய வாடகை உயிரோடிருக்கும் என்று அவனை விட யாருக்குத் தெரியும்.

ஒரே அறை. அலமாரி அளவில் சமையலிடம். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு வெள்ளையடித்தான். மாமனார் படம் கேட்டார்.

போனில் சும்மா ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். பாவி, அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். மோசமாகப் படம் எடுக்க அவன் கைக்குத் தெரியவில்லை. அலுவலகக் காமிராவைக் கொண்டுவந்து, விளக்கைப் போட்டு, குளியலறைக்குள் ஒண்டி நின்று எடுத்தான். மாமனார் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் காட்டினார். பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கார அம்மாவிடமும் காட்டினான். "அட, எனக்கும் அனுப்புப்பா, மகன்கிட்ட காட்டறேன்" என்றார். அனுப்பினான். சந்தோஷம் உள்ளே வந்தால் புத்தி வெளியே போய்விடுகிறது.

மகன் வெளிநாட்டில் இருந்தான். மூன்றாம் நாள் அந்த அம்மா படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

"தம்பி, மகன் சத்தம் போடறான். இந்த மாதிரி வீடெல்லாம் இப்ப மூணு மடங்கு போகுதாமே. அடுத்த மாசத்துலேர்ந்து அதக் குடு, இல்லன்னா காலி பண்ணச் சொல்றான்."

"அம்மா, அது படம்மா. நீங்க நேர்ல பாக்கறீங்கல்ல? கைய நீட்டினா செவுரு."

"எனக்குத் தெரியாதாப்பா? நான் கட்டின வீடு." அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா வர்றவங்க படத்தப் பாத்துட்டுத்தானே வர்றாங்க."

மூன்று மடங்கு முடியாது என்றான்; படத்தைப் பற்றி மேலே வாதாடவில்லை. அவன் சோறு தின்பதே அதனால்தான்.

அடுத்த வாரம் அந்த வீடு அவன் அலுவலகத்துப் பட்டியலிலேயே வந்து நின்றது. வெளிநாட்டு மகன் அனுப்பியிருந்த படத்தை முதலாளி பார்த்து, "உன் கை மாதிரியே இருக்கேய்யா" என்றார். ஆமாம் என்றான். "அப்ப நல்லதாப் போச்சு, மறுபடி போக வேண்டாம்" என்று அதையே போட்டார். முதல் நாளே ஒரு சின்ன வயசுக் கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் இருவர் முகமும் செத்துப்போயிற்று. அந்தப் பெண் நீளவாக்கில் எட்டு வைத்து அளந்து பார்த்தாள். ஐந்து எட்டு. பிறகு நேராகக் கீழே இறங்கி முன்பணம் கொடுத்தார்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட அவனால் முடியவில்லை. அவர்களும் எத்தனை வீடு ஏறி இறங்கினார்களோ.

மாடிப்படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டான். அவள் பெட்டி கட்டி முடித்திருந்தாள்.

"வாடகை கட்டுப்படியாகல. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அவள் அந்த வீட்டைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவனைத் தேற்றத்தான் சொன்னாள்.

"நானே மொதல்ல சொல்லணும்னு இருந்தேங்க. நமக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு? அதுல பாதி இருந்தாப் போதும். சின்னதா ஒண்ணு பாருங்க, நாங்க வந்துடறோம்."

"சரி, பாக்கறேன்" என்றான்.