வலது கையை எடுக்கச் சொன்னவள்

ஓடுகிற பைக்கில் என் மகள் கையை எடுத்தது என்னால்தான். இதை இன்னும் அவளுடைய அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பைக் அவருடையது.

நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரான கொல்லயிலில் வீட்டுப் பக்கம் வரும் முதல் பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஸ்கூட்டர் வாங்கலாம் என்றேன்.

"அப்பாக்க வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குது. எதுக்கு இன்னொண்ணு?" என்றாள்.

லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவது வேறு, சாலையில் ஓட்டுவது வேறு.

இரண்டு வாரம் சர்ச் மைதானத்தில் பழகினாள். முதல் நாள் கிளச்சை விட்டதும் வண்டி துள்ளியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. பிடித்திருந்த கையும் அதோடு பின்னால் வந்ததால் ஆக்சிலேட்டர் இன்னும் முறுகிக்கொண்டது. பயந்து இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடியது. மதில் பக்கத்தில் எப்படியோ நிறுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, கண்ணைத் தொறந்து நட. நான் உனக்க கூடவே ஓட்டிட்டு வாறேன். உன்னை முந்தினா நான் தோத்தேன். கால் ஊனினாலும் தோத்தேன்."

அன்றிலிருந்து தினமும் மைதானத்தைச் சுற்றி நடந்தேன், பக்கத்தில் பைக் உறுமிக்கொண்டு வந்தது. சில சமயம் இருமி நின்றது, சில சமயம் அலறிக்கொண்டு என்னைத் தாண்டியது. "கொஞ்சம் வேகமா நடக்கப்பிடாதா? ஆமை தோத்துப் போவும்" என்று திட்டுவாள். மெல்லத்தான் அவளுக்குப் பிடிபட்டது. முழங்காலால் டாங்கை அணைத்துக்கொண்டு, முழங்கையைத் தளர விட்டு, மணிக்கட்டைத் தாழ்த்தி, ஒரு நூல் அளவு முறுக்கி அப்படியே வைத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் ஒரு சுற்று முழுக்க என் தோளுக்குப் பக்கத்திலேயே வந்தாள். சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தைய நாள் காலை ஒரு தடவை போய்ப் பார்த்து வருவோம் என்று கிளம்பினோம். பின்னால் நான். சேலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவள் இடுப்பையும் மறு கையால் சீட்டின் கம்பியையும் பிடித்திருந்தேன். ரப்பர் தோட்டத்து வளைவுகளை நன்றாகவே கடந்தாள். அதன் பிறகு ஏற்றம். ஏற்றத்தின் பாதியில் பகவதி கோவில். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கோவிலைத் தாண்டும்போது கும்பிடாமல் போகிறவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. வலது கை விரல்களால் நெஞ்சைத் தொட்டு உதட்டில் வைப்போம். அவளுடைய அப்பா வண்டி ஓட்டிக்கொண்டே இமைக்கிற நேரத்தில் அதைச் செய்துவிடுவார். இடது கையால் யாரும் கும்பிடுவதில்லை. மகள் நேராகப் பார்த்தபடி போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. புது வேலை, வண்டியும் அவளுக்குப் புதுசு.

"கும்பிட்டுக்கோ மக்களே" என்றேன்.

கையை எடுத்தாள். ஆக்சிலேட்டர் விட்டதும் வண்டி ஏற்றத்தில் திணறிக் குலுங்கியது. நான் அவள் முதுகில் போய் மோதினேன். பஸ் ஹாரன் அடித்தது. நெஞ்சிலிருந்த கை பதறி வந்து பிடியை அள்ளிப் பிடித்தது, பிடித்த வேகத்திலேயே முறுக்கியும் விட்டது. வண்டி பாய்ந்தது. சிவந்த மண் சுவர் எங்களை நோக்கி வந்ததுதான் எனக்குத் தெரியும். ஓடைக்குள் சருகின் மேல் கிடந்தேன். பஸ்ஸின் முன் சக்கரம் இரண்டு கை தூரத்தில் நின்றது.

டிரைவர் தலையை நீட்டி மலையாளத்தில் கத்தினார். "மோளே, கை விட்டு ஓடிக்கான் இது சர்க்கஸாணோ?" என்னைப் பார்த்ததும் குரல் மாறியது. "சேச்சி, எந்தெங்கிலும் பற்றியோ?"

அடி ஏதும் பட்டதா என்று கேட்டவரிடம் இல்லை என்று தலையாட்டினேன். மகளின் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. கண்டக்டர் இறங்கி அவளோடு சேர்ந்து பைக்கைத் தூக்கினார். ஒரு கண்ணாடி உடைந்திருந்தது.

"போதும் மக்களே. வண்டிய இங்க வச்சிட்டுப் போவலாம். வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"நீ இப்ப வாய் தொறக்காத" என்றாள். "கை எடுக்கப்பிடாதுண்ணு எனக்கு அறியும். நீ சொன்னதும் எடுத்திட்டேன். நீ பின்னால இருந்தா நான் உனக்க பிள்ளையாக்கும், வண்டி ஓட்டுதவ இல்ல. நீ பஸ்ஸுல வா."

நான் பதில் சொல்லுமுன் ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

அதே பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. ஏற்றத்தின் உச்சியில் ஒரு ஆட்டோ அவளுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவரின் கை ஹாரனுக்குப் போனது.

"அடிக்காதீங்க" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "நான்தான் அவளைக் கும்பிடச் சொன்னேன்."

டிரைவர் கையை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி சொன்னார்: "சேச்சி, ஹெல்மெட் போட்டாலும் தெய்வத்துக்கு ஆளு தெரியும். கையெல்லாம் காட்டவேண்டா." யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டோ நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள், குலுங்காமல். சந்தைக்கு முன்னால் ஆட்கள் குறுக்கே போனபோது வேகத்தைக் குறைத்தாள், பிறகு மெல்லக் கூட்டினாள். எனக்கு முன்னால் இருந்த கம்பியை என் வலது கை முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை சிவந்த பிறகுதான் கவனித்தேன். லேப் இருக்கும் தெருவுக்கு அவள் திரும்பிவிட்டாள். பஸ் நேராகப் போனது.

ஸ்டாண்டில் இறங்கியபோது போன் அடித்தது.

"வந்து சேர்ந்தாச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "நாளைக்கு நான் ஒத்தைக்குப் போவேன் கேட்டியா? வாசல்ல நின்னு ஒண்ணும் சொல்லப்பிடாது."

சரி என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.