கருவாட்டுக்குக் குடை பிடித்த ஃபில்டர்கள்

காக்காய் விரட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று உம்மாவே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. தாராவியில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை வெயில் நாட்களில் என் ஆளுகையில் இருந்தது. மீன்காரி கொண்டுவரும் நெத்திலியை உம்மா உப்பும் மஞ்சளும் போட்டுப் புரட்டி, அங்கே பாய் விரித்துக் காயவைப்பாள். நான் கம்பும் கையுமாகக் காவல் இருப்பேன்.

உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஏசி மெக்கானிக். ஆபீஸ்களின் ஏசிகளுக்கு மாதாமாதம் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் ஸ்பானர் பிடித்துவிட்டு, ‘இனிமே நானே முதலாளி’ என்று வெளியே வந்திருந்தார். வந்து நான்கு மாதமாகியும் முதலாளிக்கு ஒரு வேலையும் அகப்படவில்லை. கடைசியில் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபம் சிக்கியது. மேடைக்கு இரண்டு பக்கமும் பீரோ உயரத்தில் ஒவ்வொரு ஏசி. முதல் சர்வீஸைச் சரியாகச் செய்துகாட்டினால் வருடம் முழுக்க அந்த மிஷின்கள் மாமாவின் பொறுப்பு. சொதப்பினால் பழைய கம்பெனி வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். வீட்டில் சோறு தின்னும்போதுகூட இதே பேச்சு என்பதால் எனக்கும் எல்லாம் மனப்பாடம்.

மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, பெல்ட்டை இறுக்கி, தண்ணீர் வடியும் குழாயில் அடைத்திருந்த பாசியைக் கம்பியால் குத்தி எடுத்து, எல்லா வேலையையும் மாமா மண்டபத்திலேயே முடித்துவிட்டார். ஃபில்டர்களைத்தான் அங்கே கழுவ முடியவில்லை. தகரச் சட்டத்துக்குள் ஸ்பாஞ்ச் வைத்த பன்னிரண்டு பலகைகள் அவை. காற்றில் வரும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வது அவற்றின் வேலை. அவை பிடித்து வைத்திருந்த தூசியை உதறினால் ஒரு தலையணை தைக்கலாம். “சமையலுக்கே தண்ணி இல்ல, போய்யா” என்று மண்டபத்துச் சமையல்காரர் விரட்டிவிட, மாமா பன்னிரண்டையும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ரயில் பாலம் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் விடியலில் குழாயில் தண்ணீர் வந்ததும் உம்மாவும் மாமாவும் சோப்புத்தூள் போட்டு அலசி, ஃபில்டர்களைக் கூரையில் ஏற்றினார்கள்.

“ஏட்டி, காக்கா எச்சம் போட்டுராமப் பாத்துக்க. ஒழுங்காக் காவக்காத்தேன்னா நாளைக்கு ஒன்னய மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஏசில உக்கார வைப்பேன்” என்றார் மாமா.

“ஒத்த நெத்திலி கொறஞ்சுதோ, முதுகுத் தோல உரிச்சுருவேன்” என்றாள் உம்மா. அவளுக்கு அவள் கவலை.

கீழே சந்தில், ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிக்கும் லகோரி ஆட்டம் களைகட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஏசி, ஒரு பக்கம் கருவாடு, நடுவில் நான் மட்டும் வெயிலில் காய்வது என்ன நியாயம்? அல்லாஹ் கொடுத்த மூளையைக் கொஞ்சம் செலவழித்தேன். பன்னிரண்டு ஃபில்டர்களையும் எடுத்து வந்து நெத்திலியின் மேல் வரிசையாக மூடிவிட்டேன். காக்காய்க்கு மீன் தெரியாது, ஃபில்டரும் காயும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஏணியில் இறங்கி ஓடினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு மீன்கூடக் குறையவில்லை. யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன். எங்கள் தெருவில் தோல் பதனிடும் நாற்றத்துக்கு முன்னால் கருவாடெல்லாம் அத்தர். ஃபில்டரைத் தூக்கிப்போன மாமாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் மண்டபத்தில், பெருநாள் கவுனோடு முன்வரிசை நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சுத்த சைவ மண்டபம். சமையல்கட்டில் வெங்காயத்துக்கே அனுமதி கிடையாது. தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட பெரியவர்தான் செக்ரட்டரி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை மாமாவுக்கு. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவரோடு வந்து நின்றார்கள். மாமா பிஸ்மில்லா சொல்லி ஸ்விட்சைப் போட்டார்.

ஜில்லென்று காற்று வந்தது. காற்றோடு எங்கள் வீட்டுக் கூரையும் வந்தது.

“சூஹா மர் கயா, ஸாப்” என்றான் வாட்ச்மேன். எலி செத்துவிட்டதாம்.

“நாளைக்கு முகூர்த்தத்தை வெச்சுண்டு இதென்ன நாத்தம்!” என்று வேட்டி நுனியால் மூக்கைப் பொத்தினார் ஒரு கமிட்டிக்காரர். “இந்தப் பையன் வேண்டாம் ஓய், வேற கம்பெனியைக் கூப்பிடுங்கோ.”

மாமா ஏசியை நிறுத்திவிட்டு ஒரு ஃபில்டரை உருவினார். ஸ்பாஞ்சில் ஒரு நெத்திலித் தலை ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். ஐயோ, மாமா முதலாளி ஆகாமல் போகப்போவது என்னால்தான்!

செக்ரட்டரி மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, கண்ணை மூடி, ஒருமுறைக்கு மூன்றுமுறை முகர்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நெத்திலிதானே?”

“ஆமா ஸார். வீட்ல காயப்போட்ட எடத்துல... என் தப்புதான் ஸார்.”

மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் விசாரணை முடியவில்லை.

“உப்பு மட்டுமா? மஞ்சளும் உண்டா?”

“மஞ்சளும் உண்டு ஸார்.”

“வறுக்கறதா, குழம்பா?”

“ரெண்டுந்தான் ஸார். எங்க அக்கா வறுத்தான்னா தெருவே வாசல்ல வந்து நிக்கும்.”

இப்படி ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்கிற மாமாவை என்னவென்று சொல்வது! போலீசில் மாட்டினால்கூட இவ்வளவு சொல்ல மாட்டார்கள். செக்ரட்டரி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், “எலிதான்! கழுவி மாட்டினா சரியாயிடும். கெட்டிக்காரப் பையன், உடனே கண்டுபிடிச்சுட்டான்” என்று சொல்லி, நின்றவாக்கில் கையெழுத்தைப் போட்டார்.

அன்றைக்கே ஃபில்டர்கள் திரும்பி வந்தன. வெந்நீரும் ஒரு கூடை எலுமிச்சையும் செலவாயின. உம்மா என் பக்கம் கையை ஓங்கியபோது, “விடு லாத்தா, புள்ள ரெண்டு வேலைய ஒண்ணாப் பாத்திருக்கு” என்று அக்காவைத் தடுத்து மாமா குறுக்கே வந்தார். மண்டபம் முழுக்க எலுமிச்சை மணக்கிறதே என்று மாப்பிள்ளை வீட்டார் பாராட்டினார்களாம்.

அடுத்த மாதம் மாமா சர்வீஸுக்குக் கிளம்பும்போது, உம்மா வறுத்த நெத்திலியை வாழையிலையில் வைத்து, மேலே ஆறு சுற்றுப் பேப்பர் சுற்றி, ஸ்பானர் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். “செக்ரட்டரிக்கு. வெளிய மூச்சு விட்டுறாத” என்றார் மாமா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்டம்! நான் செய்த தப்புக்கு வீடே தண்டம் கட்டுகிறது. அதுவும் முறுமுறுவென்று முதல் ஈடு. எங்களுக்கு உடைந்ததும் தூளும்தான்.

“எத்தன மாசம் மாமா கட்டணும்?” என்று கேட்டேன்.

மாமா வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். “அவரு போதும்னு சொல்லுத வரைக்கும்ட்டி.”

அவர் சொல்லவே இல்லை. மாமாவுக்கு இன்னும் இரண்டு மண்டபங்கள் கிடைத்தன, நிக்காஹ் நடந்தது, நான் ஐந்தாம் வகுப்புக்கும் போய்விட்டேன். பொட்டலம் மட்டும் நிற்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை தெரியாமல் செய்ததை இத்தனை வருடம் மன்னிக்காத மனுஷரும் உண்டா? தொழுகைப் பாயில் உட்கார்ந்து, ‘ரப்பே, அந்தக் கல்நெஞ்சுக்காரருக்குக் கொஞ்சம் இரக்கத்தைக் கொடு’ என்று நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.