ஊசி ஏறும் மஞ்சள் பூ

“பூப் பிடுங்கித் திரிஞ்ச பிள்ளைக்கு, பூவைப் பற்றிப் படிக்க யூனிவர்சிட்டி வேணுமோ?” என்று மாமா ஒருமுறை சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான்தான்.

இன்று டென்மார்க்கின் வைலே நகருக்கு வெளியே ஒரு மேட்டில், நகரசபைக்காகக் குழுவாகக் களை பிடுங்கப் போனோம். கில்டென்ரிஸ் என்னும் மஞ்சள் காட்டுப்பூவின் வாடை கையில் ஏறியதும், நான் வளர்ந்த பிராண்டே ஊரில் அப்பா வேலை செய்த தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மணல்மேடும், லொறிகளின் இரைச்சலும், காலைக் கீறும் புதர்களும், வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் படத்துக்கு மாலை கோர்க்க நான் பூ நிரப்பிய ஐஸ்கிரீம் பெட்டியும் நினைவில் வந்தன. அதே இனம்தான் என்றாலும், கனடாவிலிருந்து வந்து ரோட்டோரத்தில் களையாய் ஆளுயரம் வளர்ந்த கனடாப் பூ பொடிப்பொடியாகப் பூத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும். அதில் ஊசி ஏறாது. மேட்டுப் பூவோ முழங்கால் உயரம்தான், ஆனால் நேரான தண்டைச் சுற்றிப் பெரிது பெரிதாகப் பூத்திருக்கும். அந்தப் பிராண்டே மேடு இப்போது லொறித் தரிப்பிடம்.

“எல்லாம் கனடாக் களைதான். பிடுங்கு பிள்ளை,” என்றார் எங்கள் குழுவை நடத்திய அண்ணை, மண்வெட்டியை ஓங்கியபடி.

“இது இல்லை, அண்ணை. இது டென்மார்க்கின்ர சொந்தப் பூ.”

“ஓம், ஓம். உனக்குப் பாஸ்போர்ட் காட்டினதோ?”

“தண்டைப் பாருங்கோ, பூவைப் பாருங்கோ. படிச்சிட்டுத்தான் சொல்லுறன்.”

ஓங்கிய மண்வெட்டியை அவர் கீழே வைக்கவில்லை. இன்னொரு மேட்டை இழக்க நான் தயாராக இல்லை. நகரசபையில் இதற்குப் பொறுப்பானவரைப் போனில் அழைத்துச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை மண்வெட்டிக்கும் செடிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.