இட்லி வெட்டிய கல்யாண நாள்

எங்கள் நாய்க்குச் சுகர் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் இனிப்பு கிடையாது. சிரிக்காதீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த லட்டை டப்பாவின் அட்டையோடு தின்றுவிட்டு, அவன் மூன்று நாள் விழுப்புரத்தில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில இல்லம்மா" என்றார் டாக்டர். அன்றைக்கே சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். தினமும் காலை ஏழு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் இன்சுலின் ஊசி போடுவது என் வேலை. அவசரத்துக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார். அதை நான் காதிலேயே வாங்கவில்லை. நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். மகள் பிளஸ் டூ பாஸானதற்குத் தெரு முழுக்க வறுத்த வேர்க்கடலை கொடுத்தேன். வாங்கினவர்கள் கடலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஈஸ்டருக்கு மிளகு தூக்கலாகப் போட்டு முறுக்கு. என் கணவர் மட்டும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். எனக்குத் தெரியாதாம்!

இந்த லட்சணத்தில் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. வல்லத்திலிருந்து நாத்தனார் குடும்பமே வந்து இறங்கியது. கேக்குக்குப் பதிலாக ஐந்து அடுக்கு இட்லி. அதன்மேல் மகள் காரச் சட்னியால் பூ வரைந்தாள். நாய்க்குக் கழுத்தில் மல்லிகைச் சரம்.

காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டு அக்கா தட்டு நிறைய மைசூர்பாகோடு வந்தார். ஜைனர் வீட்டு அக்கா. எங்களுக்காக விடியற்காலையிலேயே எழுந்து கிளறியிருக்கிறார், தெருவே நெய் மணத்தது. நான் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "எங்க வூட்ல ஸ்வீட் ஆகாதுன்னு தெரியாதாக்கா? நாயைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றேன். அக்கா தட்டோடு திரும்பிப் போனார்.

ஒன்பது மணிக்கு இட்லியை வெட்டினோம். எல்லாரும் கைதட்டினார்கள். "செஞ்சியிலேயே இட்லிக்குக் கைதட்டின மொத குடும்பம் நாமதான்" என்றார் நாத்தனார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போதுதான் நாய் எழுந்தான். பின்கால்கள் பின்னின. சுவரில் மோதி விழுந்தான். உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது.

"ஏழு மணிக்கு ஊசி போட்டேனே, நல்லாத்தானே இருந்தான்!" என்று கத்தினேன்.

என் கணவரின் முகம் வெளுத்தது. "ஊசியா? நான் ஆறரைக்கே போட்டுட்டேனே. கல்யாண நாளாச்சே, இன்னிக்கு ஒரு நாளாவது உனக்கு அந்த வேலை வேணாம்னுதான்…"

இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷன் கேட்காமலே செய்த ஒரே உதவி! டாக்டருக்குப் போன் போட்டேன். "சுகர் ரொம்ப இறங்கியிருக்கும். சக்கரையைக் குழைச்சு ஈறுல தடவுங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். சர்க்கரை! என் வீட்டில்! உப்பு இருக்கிறது, மிளகு இருக்கிறது, அவனால் விழுங்க முடியாத இட்லி குண்டான் நிறைய இருக்கிறது. சர்க்கரை ஒரு துளி இல்லை.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, தேன் குடுங்கக்கா!"

"எங்க வூட்ல ஏதுடி தேனு?" என்றார். தேனீயைக் கொல்லும் பாவம் என்று ஜைனர்கள் தேனைத் தொடமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் புத்தி எங்கே வேலை செய்தது? "நாய் போயிடும்போல இருக்குதுக்கா, சக்கரையாவது குடுங்க" என்றேன். அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவோடு எனக்கு முன்னால் அவர் ஓடினார்.

தரையில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் குழைத்த சர்க்கரையை ஈறில் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை. அவன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவேயில்லை. செத்துவிட்டான், நாமே கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் வால் தரையில் ஒரு தட்டு தட்டியது. நாக்கு வெளியே வந்தது. மாதக்கணக்கில் காணாத ருசி, விடுவானா? அக்காவின் ஐந்து விரலையும் நக்கி, வளையலையும் நக்கினான். வீடே கூச்சல் போட்டது. என் கணவர் ஓவென்று அழுதார். எனக்குச் சிரிப்புதான் வந்தது, நிறுத்தவே முடியவில்லை.

விழுப்புரம் போக ஆட்டோ வரும்வரை அக்கா இடத்தைவிட்டு எழவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "காலையில அப்படிப் பேசிட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார், "சுகரு இவனுக்குத்தானே? உனக்கு இன்னாடி வந்துச்சு?"

"திமிருதான்க்கா."

"அப்போ அதுக்கும் ஒரு ஊசி கேட்டு வாங்கிக்கினு வா" என்றார். "ரெண்டு வேளையும் நானே வந்து போடறேன்."